மஞ்சள் துணியில் மெழுகு

(தபாலில் போடாதது)

மயிலாப்பூர்
9.2.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். இதை நான் தபாலில் போடப் போவதில்லை. ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிட்டால், எதையெல்லாம் விட்டுவிட்டு எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான்.

அம்மாவுக்கு மறுபடியும் வந்துவிட்டது. இந்தத் தடவை மார்பில் இல்லை, இடுப்பு எலும்பில். தீபாவளியிலிருந்தே வலி என்றாள். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுவதால் என்று நினைத்தோம். ஸ்கேனில் தெரிந்துவிட்டது.

அடையாறில் நீரஜா என்று ஒரு டாக்டர் இருக்கிறார். மார்பகக் கட்டிகளில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட புரதம் கொஞ்சமாவது இருந்தால், அதைத் தேடிப்போய்ப் பிடிக்கிற மருந்து இப்போது வந்திருக்கிறதாம். ஆராய்ச்சியிலேயே மருந்தையும் கொடுக்கிறார்கள். அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் அந்தப் புரதம் ‘இல்லை’ என்று மட்டும் இருக்கிறது. துளியும் இல்லையா, கொஞ்சம் இருந்ததா என்று அதில் எழுதவில்லை. எலும்பிலிருந்து எடுத்துப் பார்த்தால், அதை மென்மையாக்க ஆசிட்டில் ஊறவைக்க வேண்டும், அதில் புரதம் கெட்டுவிடும் என்றார். “மொதல் ஆபரேஷன்ல எடுத்த கட்டியை மெழுகுல வெச்சு ஒரு சின்ன பிளாக் குடுத்திருப்பாங்களே, அது எங்கம்மா?” என்று கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்னொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று அதை வாங்கிப் போனவர் நீங்கள்தான். திரும்பி வந்தபோது ரிப்போர்ட் வந்தது. பிளாக் வந்ததா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

உங்களிடம் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள். “பதினோரு வருசம் கழிச்சு அவ வயித்துல ஒண்ணு தங்கிக்கீது. படுத்துக்கினே இருக்கணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. இத்தக் கேட்டா எயுந்து ஓடியாந்துருவா. நீ வாயாலயும் சொல்லாத, கையாலயும் சொல்லாத” என்றாள்.

சரி. இனி உங்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதுகிறேன்.

மொழி

---

மயிலாப்பூர்
9.2.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். அம்மா, நைனா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். தங்கவயலில் நீங்களும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? வாந்தி நின்றதா? அம்மா தினமும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறாள்.

போனில் எனக்கு வாய் எழாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். தி.நகர் துணிக்கடையில் என்னை உள்பாவாடைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தைத் தவிர உட்கார முடியாது. அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். கூட வேலை செய்யும் சாருலதா எட்டிப் பார்த்து, “இன்னாடி, லவ் லெட்டரா? கே.ஜி.எஃப்-ல தங்கம் தோண்டிக்கினு கீறானா உன் ஆளு?” என்கிறாள்.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். அடையாறில் ஒரு டாக்டரம்மா மார்பகக் கட்டிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். பழைய மெழுகு பிளாக்குகளைச் சேர்க்கிறார். அம்மாவுடையதையும் கேட்டார். அன்றைக்கு உங்கள் பையில் வைத்தது இன்னும் அங்கே இருந்தால், பதிவுத் தபாலில் அனுப்ப முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மொழி

---

தங்கவயல்
24.2.2025

கண்ணு மொழிக்கு,

சின்னம்மாவின் ஆசி. இங்கே நாங்கள் இருவரும், உள்ளே இருப்பதும் நலம். அங்கே அக்காவும் மாமாவும் நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

வாந்தி நின்றுவிட்டது. இப்போது புளியைக் கண்டால் விடமாட்டேன் என்கிறேன். சித்தப்பா விடியலில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால் பெங்களூரிலிருந்து இருட்டிய பிறகுதான் வருகிறார். நான் நாள் முழுதும் படுத்தபடி கூரையைப் பார்க்கிறேன்.

அக்கா அறுத்தெடுத்த பக்கத்தில் ஜாக்கெட்டுக்குள் வைக்க நான் தைத்துக் கொடுத்த கேழ்வரகுப் பை எப்படி இருக்கிறது? இரண்டு வருடம் ஆயிற்றே, வண்டு வைத்திருக்கும். புதிதாக ஒன்று தைக்கிறேன். படுத்துக்கொண்டே தைக்கலாம், அதற்கு டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். வேலைக்கு நடுவில் காலை மாற்றி மாற்றி ஊன்றி நில். ஒரே காலில் நின்றால் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சின்னம்மா
தேவானை

---

மயிலாப்பூர்
3.3.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். நைனாவும் நானும் அம்மாவும் சுகம். உங்கள் புளி ஆசையைக் கேட்டு அம்மா சிரித்தாள். “பொட்டப் புள்ளதான்” என்றாள்.

நான் கேட்ட பிளாக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன் மேல் வெள்ளை மெழுகு, நடுவில் கொஞ்சம் பழுப்பாக ஒன்று. அவ்வளவுதான் இருக்கும்.

டாக்டரம்மாவிடம், அதில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் சொன்னது இது: “எல்லாக் கட்டிக்கும் பேரு ஒண்ணுதான் மொழி. ஆனா உள்ள இருக்கிற புரதம் ஆளுக்கு ஆள் வேற. அது தெரிஞ்சா யாருக்கு எந்த மருந்து வேலை செய்யும், யாருக்கு சும்மா உடம்பைக் கெடுக்கும்னு சொல்லலாம்.” மெழுகை வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, அதில் இருக்கும் புரதங்களை எண்ணுகிறார்களாம்.

பல பெண்களுக்கு உதவும் என்கிறார். உங்கள் பீரோவில், பழைய கைப்பையில் ஒரு முறை பாருங்கள். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், சித்தப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மொழி

---

தங்கவயல்
2.4.2025

கண்ணு மொழிக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படி இருக்கட்டும்.

உன் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்ட பொருள் கைப்பையில் இல்லை, பீரோவிலும் இல்லை. சித்தப்பாவைத் தேடச் சொல்லாதே. அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆடி கழியட்டும். அதன் பிறகு நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவேன். அப்போது பேசிக்கொள்ளலாம். அந்த டாக்டரம்மாவுக்கு ஊரில் வேறு பெண்களே இல்லையா? இனி இதைப் பற்றிக் கேட்காதே. கேட்டதையும் மறந்துவிடு.

இத்துடன் புதுப் பை வருகிறது. கேழ்வரகை நன்றாக வறுத்துப் போட்டிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று அக்காவை வைத்துப் பார்க்கச் சொல். தேர் பார்க்க, பங்குனித் திருவிழாவுக்குப் போவாளே, அதற்குள் கிடைக்க வேண்டும் என்று சீக்கிரம் முடித்தேன்.

சின்னம்மா

---

மயிலாப்பூர்
10.4.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். நைனா சுகம், நான் சுகம், அம்மாவும்.

பை வந்தது. தையல் அவ்வளவு நெருக்கமாக இருந்தது. கண்ணை இப்படிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் சின்னம்மா. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “இத்த அப்டியே அரைச்சு கூயா ஊத்திடலாம் போலக் கீது” என்றாள். பழையது ஆணியிலேயே தொங்குகிறது. இப்போது நைட்டிதான் போடுகிறாள் என்பதால் அது தேவைப்படவில்லை. புதியதை, ஒருக்களித்துப் படுக்கும்போது இடுப்புக்குக் கீழே வைக்கிறேன். தலையணையைவிட நன்றாக இருக்கிறது என்கிறாள். வெயிலில் காயவைத்துச் சூடாக வைத்தால் கொஞ்சம் தூங்குகிறாள்.

இந்த வருடம் தேர் பார்க்கப் போகவில்லை. மாட வீதியில் கூட்டம் அதிகம். நைனாவின் ஆட்டோவைக்கூட உள்ளே விடவில்லை. மேளச் சத்தம் வீடுவரை கேட்டது.

கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஆடிவரை அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஆராய்ச்சியில் பெயர் சேர்ப்பதை முடித்துவிடுவார்களாம். அது எங்கே இருக்கிறது என்று மட்டுமாவது சொல்லுங்கள். எடுக்க முடியாத இடம் என்றால் நான் வேறு என்ன செய்யலாம் என்று யோசிப்பேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மொழி

---

தங்கவயல்
16.4.2025

மொழிக்கு,

என்னை விடு. அக்காவைப் பற்றி எழுது.

கேழ்வரகுப் பையை எதற்கு இடுப்புக்கு வைக்கிறாய்? வாசல் தாண்டும்போதெல்லாம் ஜாக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டு போகிறவள் அக்கா. அவளுக்குப் பை தேவைப்படவில்லை என்றால் அவள் வாசல் தாண்டுவதில்லை. மாட வீதிக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு தேரை விடமாட்டாள். உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் அம்மா, நைனா, நான் என்று எழுதினாய். அடுத்ததில் அம்மா கடைசிக்குப் போய்விட்டாள். இதில் அவளுக்குச் சுகம் என்றுகூட எழுதவில்லை, வெறும் ‘அம்மாவும்’.

நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறகு நீ சொல்.

அந்த மெழுகை ரிப்போர்ட்டோடு வாங்கிய அன்று, கவுண்டரில் இருந்த பெண்ணிடம், “இன்னாம்மா இது?” என்று கேட்டேன். “உங்க அக்கா கட்டிதாங்க. மெழுகுல போட்டிருக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் கெடாது” என்றாள். அறுத்து எறிந்த பிறகும் அது ஏன் கெடாமல் இருக்க வேண்டும்? அதை எடுத்துப்போய் அக்கா படுக்கிற ஒரே அறையில், அவள் தலைமாட்டில் வைப்பதா? எனக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அம்மன் சூலம் நட்டிருக்கிறோம் அல்லவா? மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசோடு அதை முடிந்து, சூலத்தின் அடியில் புதைத்தேன். “மூணு ஆடி கூழு ஊத்தறேன் தாயே, இத்த இங்கயே கட்டி வை, எங்கக்கா பக்கம் விடாத” என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாவது ஆடி முடியும்வரை அதை எடுக்கவும் கூடாது, வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. இரண்டு ஆடி ஊற்றிவிட்டேன். இரண்டாவது ஆடிக்குப் பிறகுதான் என் வயிற்றில் இது தங்கியது. அம்மன் கேட்டுக்கொண்டாள் என்று நம்பினேன்.

இப்போது சொல்லிவிட்டேன். வேண்டுதல் பாதி முறிந்துவிட்டது.

அக்காவுக்குத் திரும்பி வந்துவிட்டதா? ஆமாம் அல்லது இல்லை, அது மட்டும் எழுது. சுகம் என்று எழுதாதே.

தேவானை

---

மயிலாப்பூர்
21.4.2025

சின்னம்மாவுக்கு,

ஆமாம்.

இடுப்பு எலும்பில். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். மருந்து இருக்கிறது. அது அம்மாவுக்குப் பொருந்துமா என்று அந்த மெழுகைப் பார்த்தால்தான் தெரியும். பார்த்த பிறகு பொருந்தாது என்றும் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் ஒரு முறையும், பஸ்ஸில் ஒரு முறையும் படித்தேன். அதை எடுங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. உங்கள் வயிற்றில் இருப்பதை நினைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எழுத வரவில்லை. எடுக்க வேண்டாம் என்றும் எழுத முடியவில்லை. நான் மிகவும் களைத்துவிட்டேன் சின்னம்மா.

மொழி

---

தங்கவயல்
2.5.2025

கண்ணு மொழிக்கு,

நான் நலம்தான். முதலில் அதை நம்பு.

உன் கடிதம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டுப் பின்பக்கம் போனேன். குனிய முடியவில்லை. சூலத்தின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தோசைத் திருப்பியால் நோண்டினேன். கோடை மண், கல்லாக இறுகிக் கிடந்தது. பாதியில் சித்தப்பா வந்துவிட்டார். “இன்னாம்மே பண்ற? படுன்னு டாக்டர் சொன்னா, மண்ணு நோண்டறியா? தங்கம் எல்லாம் எங்க தாத்தா காலத்துலயே தீர்ந்துபூட்சு” என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். திருப்பியை வாங்கி அவரே நோண்டினார்.

துணி இற்றுப்போயிருந்தது. மெழுகு அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் சொன்னது சரிதான், கெடவில்லை. சட்டத்தில் எழுதிய நம்பரையும் படிக்க முடிகிறது. நான் கழுவவில்லை. கழுவலாமா கூடாதா என்று தெரியவில்லை.

வேறு மஞ்சள் துணியில் அந்தக் காசோடு முடிந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பங்காருப்பேட்டையில் ரயில் ஏறி வருகிறார். இதை யாரும் வெயிலில் வைக்காதீர்கள், உருகிவிடும்.

எடுப்பதற்கு முன்னால் அம்மனிடம் பேசினேன். முறித்த குற்றம் என் தலையில் விழட்டும், எங்கள் அக்கா தலையில் வேண்டாம் என்றேன். வயிற்றில் இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அம்மனுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அக்காவைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல். என்னிடம் மறைத்தாள் அல்லவா, வந்து நேரிலும் திட்டுவேன்.

சின்னம்மா

---

மயிலாப்பூர்
30.5.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சித்தப்பா சொன்ன கால் வீக்கம் குறைந்ததா? நைனாவும் நானும் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சித்தப்பா நேரே போய் அம்மா கையிலேயே அதைக் கொடுத்துவிட்டார். மறைக்க நேரமில்லை. அம்மா துணியை அவிழ்த்து வெகு நேரம் பார்த்தாள். “இதுக்குத்தான் இம்மாம் பேஜாரா? சோப்புத் துண்டு கணக்கா கீது” என்றாள். பிறகு நீங்கள் அதைப் புதைத்த கதையைச் சித்தப்பா சொன்னார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காசை மட்டும் எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அடையாறு போனேன். வெயில் படாமல் இருக்க டிபன் பாக்ஸில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். நீரஜா டாக்டர் மண் கறையைப் பார்த்துவிட்டு, “இது எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “நாங்க யாருமே அவங்களுக்கு இதைப் பத்தி உக்காந்து சொல்லலையே” என்றார்.

மேல் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே பார்த்தார்கள். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று.

அந்தப் புரதம் இருக்கிறது சின்னம்மா. கொஞ்சம்தான். முன்பெல்லாம் அவ்வளவு கொஞ்சம் இருந்தால் ‘இல்லை’ என்றே எழுதிவிடுவார்களாம். இப்போது அந்தக் கொஞ்சம் போதும். முந்தாநாள் முதல் ஊசி ஏற்றினார்கள். இது நோயை அடியோடு எடுக்காது, வளராமல் பிடித்து வைக்கும், எவ்வளவு காலம் என்று தெரியாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாந்தி எடுத்தாள். நான் தரையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தூங்கிப்போனேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. வேறு எதையும் இப்போது நான் வேண்டிக்கொள்வதில்லை.

உங்கள்,
மொழி

---

தங்கவயல்
22.7.2025

கண்ணு மொழிக்கு,

நடுவில் எழுத முடியவில்லை. குழந்தை பிறந்துவிட்டது. பெண். அக்கா சொன்னதுதான். எடை குறைவு என்று சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று உனக்கு எழுதமாட்டேன். நேற்று என் கையில் கொடுத்தார்கள். பால் குடிக்கிறாள். அழுதால் தெருவே எழுந்துவிடும்.

ஆடி பிறந்துவிட்டது. எனக்குத் தீட்டு. மூன்றாவது கூழை நான் ஊற்ற முடியாது. வேண்டுதல் முறிந்தபின் ஊற்ற வேண்டுமா என்றும் தெரியவில்லை. ஆனால் பாக்கி வைக்க மனமில்லை. உன்னால் முடிந்தால் ஊற்று.

அக்கா எப்படி இருக்கிறாள்? உள்ளதை எழுது.

சின்னம்மா

---

மயிலாப்பூர்
3.8.2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

மொழி எழுதுகிறேன். குழந்தையையும் உங்களையும் நினைத்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நைனா ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்று முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெருவில் கூழ் ஊற்றினோம். அம்மாவும் வந்தாள். எழுந்து நிற்க முடியாது என்று நைனாவின் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்தான் சொம்பில் மொண்டு ஊற்றினேன். வரிசையில் இத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் பாதியை வெளியே சிந்தினேன். “இன்னாடி, கூழ ஊத்தறியா, தெளிக்கிறியா? சொம்ப நல்லா சாய்” என்று அம்மா ஆட்டோவிலிருந்தே கத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் குரல் தெருவில் கேட்டது. அந்த ஒரு ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது ஆணியில் தொங்கிய பழைய பையைத் தட்டி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். புதுப் பை இடுப்புக்குக் கீழே இருந்தது. இரண்டும் வேண்டியிருந்தது.

மூன்று ஊசி முடிந்திருக்கிறது. ஸ்கேனில் வளரவில்லை என்றார்கள். குறையவும் இல்லை. தலைமுடி கொட்டுகிறது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்குவதில்லை. மீதி மெழுகை அடையாறிலேயே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுபடி தேவைப்படலாமாம்.

உள்ளதை எழுது என்றீர்கள். என்ன எழுதட்டும் என்று அம்மாவையே கேட்டேன். கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“நல்லா கீறேன்னு எயுதாத, அவ நம்பமாட்டா” என்றாள். “கீறேன்னு எயுது.”

மொழி